அந்த நைட் டியூட்டி சிஸ்டருக்கும் கூட நின்ன எல்லாருக்கும்

குறைமாசத்துல, ஒன்றரைக் கிலோவுக்குக் கீழ பொறந்து என்ஐசியூல (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்த எங்க பாப்பா வீட்டுக்கு வந்தாச்சு. என்ன நடந்துச்சுன்னு திரும்ப எழுத எனக்குத் தெம்பு இல்ல, உங்களுக்கே எல்லாம் தெரியும், தினமும் கேட்டுக்கிட்டேதான் இருந்தீங்க. இப்ப அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வருது, இது அடங்கறதுக்குள்ள நன்றி சொல்லிடணும்னு எழுதறேன்.

முதல் நன்றி ஒரு நைட் டியூட்டி சிஸ்டருக்கு. அவங்க செஞ்சது பெரிய வைத்தியம் எல்லாம் இல்ல, ஒரு பத்து நிமிஷம் என்னைப் பக்கத்துல நிக்க வச்சு பால் கலக்கிக் காட்டினாங்க, அவ்வளவுதான். ஆனா அந்தப் பத்து நிமிஷம் இல்லேன்னா நான் தாய்ப்பாலை பம்ப் பண்ணி எடுக்கறதையே விட்டிருப்பேன்னு இப்ப நினைச்சாலும் பதறுது.

வயித்துக்குப் போற ட்யூப்ல ஃபீட் கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக்கிட்டு வந்த சமயம் அது, ஃபீட் ஏறுது வெயிட் ஏறல. ரவுண்ட்ஸ்ல "நாளையிலேருந்து அம்மா பால்ல எச்எம்எஃப் சேத்துடலாம்"னு சொல்லிட்டு அடுத்த குழந்தைகிட்ட போயிட்டாங்க. எச்எம்எஃப்னா தாய்ப்பால்ல சத்தைக் கூட்ட அதுலயே கலக்கற பவுடர். வார்டு இருந்த இருப்புல நின்னு பேச நேரமில்ல, புரியுது. ஆனா என் காதுல விழுந்தது வேற, உன் பால் பத்தலைன்னு விழுந்துச்சு. ராப்பகலா பம்ப் பண்ணி சொட்டு சொட்டா சேத்து எடுத்துட்டு வர்றேன், தூக்க முடியல, கொஞ்ச முடியல, அவளுக்குன்னு என்னால செய்ய முடிஞ்சது இது ஒண்ணுதான், அதுவும் பத்தலையான்னு உள்ளுக்குள்ள ஒடிஞ்சு போயிட்டேன். இவர்கிட்ட கூட சொல்லல.

அன்னிக்கு ராத்திரி பாட்டிலைக் குடுத்துட்டுத் திரும்பறேன், சிஸ்டர் என் மூஞ்சியப் பாத்துட்டு "என்னம்மா, பவுடர் சேக்கச் சொன்னதுக்கா"ன்னாங்க. நான் வாயே தொறக்கல. "போய் சோப்பு போட்டு கையைக் கழுவிட்டு மாஸ்க் மாட்டிட்டு வாங்க, நான் என்ன பண்றேன்னு நீங்களே பாருங்க"ன்னு கூப்பிட்டாங்க.

அந்தக் குட்டி பாக்கெட்டைக் காட்டி முதல்ல சொன்னது இதுதான்: "இதைத் தண்ணியில கரைச்சுக் குடுக்கற பால் பவுடர்னு நினைக்காதீங்க. இது தனியா ஒரு குழந்தையை வளக்காது. உங்க பால் 25 மில்லி என் கைக்கு வந்தாத்தான் நான் இந்தப் பாக்கெட்டையே கிழிப்பேன்."

அப்புறம் அளந்து வச்ச பால்ல பவுடரைப் போட்டு, குலுக்காம, பாட்டிலை மெதுவா சுழட்டி சுழட்டியே கரைச்சாங்க, கட்டி நிக்குதான்னு லைட்டுக்கு நேரா தூக்கிப் பாத்தாங்க. சிரிஞ்ச்ல எடுத்தப்புறம் பாட்டில் ஓரத்துல லேசா ஒரு படலம் ஒட்டியிருந்துச்சு, அதைக் காட்டி "இது கொழுப்பும்மா, பாலோட கலோரில கிட்டத்தட்ட பாதி இதுலதான், இதை விட்டா நஷ்டம் பாப்பாவுக்கு"ன்னு பாட்டிலைச் சாய்ச்சு சாய்ச்சு அதையும் விடாம எடுத்தாங்க. என் பாலை அவ்வளவு மதிச்சு ஒருத்தர் எடுத்து அன்னிக்குத்தான் பாத்தேன்.

ட்யூப்ல பால் இறங்கிட்டு இருக்கும்போதே ஒரு டிஷ்யூ பேப்பர்ல கணக்கும் போட்டாங்க. 100 மில்லி தாய்ப்பால்ல புரதம் சுமார் 1 கிராம், இந்த அளவு குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ எடைக்கு மூன்றரை, நாலு கிராம் வேணும், அப்ப வெறும் பால்லயே அது கிடைக்கணும்னா கிலோவுக்கு 350, 400 மில்லி குடுக்கணும், இந்தத் துளி வயித்துல 150லேருந்து 180 தான் போகும். "அப்ப மீதிக்கு எங்க போறது சொல்லுங்க"ன்னாங்க. எலும்புக்கு வேண்டிய கால்சியம், பாஸ்பரஸ்ல பெரும்பங்கு வயித்துல கடைசி மூணு மாசத்துலதான் அம்மாகிட்டேருந்து குழந்தைக்குப் போகுமாம். "அவ அதுக்கு முன்னாடியே வந்துட்டா. உள்ள நீங்க குடுக்க இருந்ததைத்தான் இப்ப வெளிய குடுக்கறோம், உங்க பால் வழியா." குறைமாசத்துல பெத்தவங்களுக்கு முதல்ல வர்ற பால்ல புரதம் கொஞ்சம் கூடவே இருக்கும், வாரம் போகப் போக குறையறது எல்லா அம்மாவுக்கும் நடக்கறதுதான், உங்க உடம்புல குறையில்லன்னும் சொன்னாங்க. அங்கதான் எனக்கு அழுகை வந்துச்சு. அவங்க பேசாம டிஷ்யூ பாக்ஸை என் பக்கம் தள்ளி வச்சுட்டு அடுத்த குழந்தையோட அலாரத்தைப் பாக்கப் போயிட்டாங்க.

அதுக்கப்புறம் பம்ப்கிட்ட உக்காரும்போதெல்லாம் எனக்கு அந்த 25 மில்லி பாக்கெட்தான் ஞாபகம் வரும்.

மத்தவங்களையும் சொல்லணும். வாரா வாரம் டேப் வச்சு தலைச் சுத்தளவும் நீளமும் அளந்து சார்ட்டுல புள்ளி வச்ச டாக்டர், "ஆஸ்பத்திரில இருக்கற வரைக்கும் வளர்ச்சிக்கு இந்தப் பவுடர் உதவும், பிற்காலத்து மூளை வளர்ச்சிக்கு இதுனாலயே நல்லதுன்னு உறுதியா சொல்ல ஆதாரம் இன்னும் பத்தாது"ன்னு பொய் நம்பிக்கை குடுக்காம பேசினதுக்கு அவருக்குத் தனி நன்றி. பாஸ்பரஸ், யூரியா டெஸ்டுக்கு அந்தப் பிஞ்சுக் குதிகாலைச் சூடு பண்ணிட்டு ஒரே குத்துல ரத்தம் எடுத்த லேப் அண்ணா. எனக்குப் பால் ஊறாத ஆரம்ப நாள்ல பால் வங்கிக்குத் தானம் குடுத்திருந்த முகம் தெரியாத அம்மாக்கள், 62.5 டிகிரில 30 நிமிஷம் சூடு பண்ணி பத்திரமா என் பொண்ணு வரைக்கும் கொண்டு வந்தவங்க. பம்ப் ரூம்ல கூட இருந்தவங்க, வீட்டைப் பாத்துக்கிட்ட அத்தை, இங்க மெசேஜ் போட்டுக்கிட்டே இருந்த நீங்க எல்லாரும். யாரையும் மறக்கல, எழுதக் கை ஓடல.

ஒரு விஷயம் மட்டும் மனசுல கிடக்குது. "தாய்ப்பால் இருக்கும்போது எதுக்குப் பவுடர்"னு நல்ல மனசோட கேட்டவங்க நிறைய பேர். நிறைமாசத்துல பொறந்த குழந்தைக்கு முதல் ஆறு மாசம் தாய்ப்பால் மட்டுமே போதும், அதுல மாத்துக் கருத்தே இல்ல. ஒன்றரைக் கிலோவுக்குக் கீழ பொறந்ததோட கணக்கு வேற. அதே மாதிரி இதைப் படிச்சுட்டு யாரும் வீட்டுல தானா வாங்கிக் கலக்கிடாதீங்க, எப்ப ஆரம்பிக்கணும், எவ்வளவு, எப்ப நிறுத்தணும்னு டாக்டர்தான் பாத்து சொல்லணும். எங்க பாப்பாவுக்கே இப்ப நிறுத்தியாச்சு, நேரா குடிக்கறா, இரும்பு டிராப்ஸும் வைட்டமின் டி டிராப்ஸும் மட்டும் ஓடுது. என்ஐசியூல வேலை பாக்கறவங்க யாராச்சும் இதைப் படிச்சா ஒரு வேண்டுகோள், பவுடர் சேக்கறோம்னு சொல்லும்போது "உங்க பால்லதான் சேக்கறோம்"னு கூட ஒரு வரி சேத்து சொல்லுங்க, அதுக்காக ஏங்கிட்டு நிப்பாங்க அந்த அம்மா.

இவளுக்குப் போக எனக்குப் பால் மிஞ்ச ஆரம்பிச்சதும் பால் வங்கிக்குத் தானம் குடுக்க எழுதிக் குடுக்கப் போறேன், இவர்கிட்டயும் சொல்லிட்டேன், டெஸ்டுக்கு எல்லாம் ரெடி. இப்ப அங்க உள்ள இருக்கற அம்மா யாருக்காவது பேசணும்னா எந்த நேரமும் எனக்கு மெசேஜ் பண்ணலாம்.

சிஸ்டர், டிஸ்சார்ஜ் அன்னிக்கு உங்களுக்கு லீவு, சொல்லிக்காமயே கிளம்ப வேண்டியதாப் போச்சு. அடுத்த செக்கப்புக்கு வரும்போது உங்க டியூட்டி எப்பன்னு கேட்டு வச்சுட்டுதான் வருவேன், நைட்டுன்னா சாயங்காலம் வரைக்கும் வெளியவே உக்காந்திருக்கேன், இவளை உங்க கையில குடுத்துட்டுத்தான் போவேன்.