மெட்ராஸ் தினத்துக்கு மொட்டை மாடிகளைத் திறந்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் பிறந்த நாளாகக் கொண்டாடும் மெட்ராஸ் தினமான ஆகஸ்ட் 22 நெருங்கினாலே நகரமெங்கும் நடைப்பயணம், கண்காட்சி, பேச்சு என்று களைகட்டிவிடுகிறது. எல்லாம் தரையில் நடப்பவை. ஊரை ஊராகப் பார்க்க ஓர் உயரம் வேண்டும். சென்னையில் அந்த உயரமெல்லாம் பூட்டிக் கிடக்கிறது. அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தின் உச்சி, ரிப்பன் மாளிகை மணிக்கூண்டு, சென்ட்ரல் ரயில் நிலைய மணிக்கூண்டு ஆகியவற்றைக் கீழிருந்து பார்த்தவர் லட்சக்கணக்கில் உண்டு. அங்கிருந்து ஊரைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆண்டுக்கு ஒரு நாளாவது, குலுக்கல் முறையில் சிலரையாவது கேமராவோடு மேலே ஏற்ற வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். கேட்பதோடு நிறுத்தாமல், எப்படி நடத்தினால் கட்டடக்காரர்களுக்குத் தலைவலி வராது, படமும் உருப்படியாக வரும் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

இதற்கு முன்மாதிரி உண்டு. லண்டனில் 1992 முதல், செப்டம்பர் மாதத்தில் வழக்கமாகப் பூட்டியிருக்கும் கட்டடங்களைப் பொதுமக்களுக்கு இலவசமாகத் திறந்துவிடும் ஏற்பாடு நடந்துவருகிறது. 1971-ல் குண்டு வெடித்தபின் பார்வையாளர் மாடம் மூடப்பட்ட பி.டி. என்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கோபுரத்துக்கே சில ஆண்டுகளில் குலுக்கல் முறையில் ஆட்களை ஏற்றியிருக்கிறார்கள். நம் ஊரிலும் இது புதிதில்லை. 1991-க்குப் பின் பாதுகாப்புக் காரணம் சொல்லி மூடிய மெரினா கலங்கரை விளக்கம் 2013 நவம்பரில் மறுபடி திறந்தது. லிஃப்டில் ஏறி, ஒன்பதாவது மாடி பால்கனியில் நின்று குடும்பம் குடும்பமாகப் படம் எடுக்கிறார்கள். அதனால் நகரத்துக்கு ஒரு கெடுதலும் வந்துவிடவில்லை.

ஆனால் கலங்கரை விளக்கம் மாலை 5 மணியோடு மூடிவிடுகிறது. நகரக் காட்சிக்கு உயிரான நேரம் அதற்குப் பிறகுதான் வருகிறது. ஆகஸ்ட் 22 வாக்கில் சென்னையில் சூரியன் மறைவது சுமார் 6.25-க்கு. மறைந்த 12-ஆவது நிமிடத்திலிருந்து 25-ஆவது நிமிடம் வரை வானத்தின் நீலமும் தெருவிளக்குகளின் மஞ்சளும் ஒரே அளவு வெளிச்சத்தில் நிற்கும். அதற்கு முன் விளக்குகள் தெரியாது, பின்னால் வானம் கறுத்துவிடும். லண்டனில் கோடையில் அந்தி முக்கால் மணி நேரம் இழுக்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நமக்குக் கிடைப்பது இந்தக் கால் மணிதான். ஆகவே 'மாலை 4 முதல் 6 வரை அனுமதி' என்று ஓர் அலுவலகம் கடிதம் கொடுத்தால் அந்த அனுமதியால் பாதிப் பயன்கூட இல்லை. 5 முதல் 7.15 வரை என்று கேட்டு வாங்க வேண்டும். 6 மணிக்கோ 7 மணிக்கோ செக்யூரிட்டி ஷிஃப்ட் மாறும் இடமாக இருந்தால், இரண்டு ஷிஃப்டுக்கும் கடிதத்தின் நகல் போயிருக்க வேண்டும். பாதி அனுமதிகள் வீணாவது இந்த இடத்தில்தான். பகல் ஆளுக்குத் தெரியும், இரவு ஆளுக்குத் தெரியாது, மாடிக் கதவின் சாவி யாரிடம் என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

பகல் படமே போதும் என்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெட்ராஸ் தினத்தன்று நண்பகல் 12.10 வாக்கில் சூரியன் ஏறத்தாழ நம் உச்சந்தலைக்கு நேர் மேலே இருக்கும். நிழல்கள் அந்தந்தக் கட்டடத்தின் காலடியிலேயே சுருண்டுவிடும். மேலிருந்து பார்த்தால் ஊர் முழுவதும் வெளிறிய ஒரே தட்டாகத் தெரியும். டிசம்பர் கடைசியிலோ நண்பகல் சூரியனே தெற்கில் 54 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. அப்போது வடக்கு நோக்கி எடுத்தால் நாள் முழுவதும் நேர் வெளிச்சம். போதாததற்கு வடகிழக்குப் பருவமழை தூசியைக் கழுவிவிட்டுப் போயிருக்கும். மழை விட்ட மறுநாள் கிடைக்கும் தெளிவு ஆகஸ்டில் கிடைக்காது. போகிப் புகைக்கு முன் முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான். விழாவுக்கு ஆகஸ்டில் ஒரு நாள், படத்துக்கு டிசம்பரில் ஒரு நாள் என்று இரண்டு முறை திறந்தால் மிக நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் டிசம்பரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வோம், விழாக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

எந்தக் கட்டடத்திலிருந்து எந்தப் பக்கம் எப்போது என்பதும் முக்கியம். எல்.ஐ.சி. உச்சியிலிருந்து கிழக்கே பார்த்தால் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி, அதற்கப்பால் கடல். காலையில் சூரியன் கடலிலிருந்து கண்ணைக் குத்தும், கட்டடங்கள் கறுப்பு அட்டைகளாகத் தெரியும். மாலை 4 மணிக்கு மேல் மேற்கு வெயில் அத்தனை சுவர்களிலும் விழும். கலங்கரை விளக்கத்தில் இதற்கு நேர்மாறு. ஊர் மேற்கே இருப்பதால் காலையில் மயிலாப்பூர்ப் பக்கம் அழகு, மாலையில் மெரினா மணலை வடக்கு நோக்கி எடுக்கலாம்.

லென்ஸ் விஷயத்தில் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று. உயரத்துக்கு வந்துவிட்டோம், எல்லாவற்றையும் அள்ளிவிடலாம் என்று அகலமான காட்சியைப் பிடிக்கும் வைட் லென்ஸைப் போடுவார்கள். பாதிப் படம் வானம், கால் படம் பக்கத்து மாடியின் சின்டெக்ஸ் தொட்டி, மிச்சத்தில் எறும்பு அளவில் ஊர். தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் 70-200 மி.மீ. டெலி லென்ஸ்தான் அடுக்கடுக்காக இருக்கும் தெருக்களை ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக் காட்டும். முழு அகலம் வேண்டுமென்றால் 50 மி.மீ. லென்ஸை நெடுக்குவாட்டில் பிடித்து, மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று விழும்படி எடுத்துக்கொண்டே போனால் 180 பாகைக்குப் பத்துப் படம். வெளிச்ச அளவையும் நிற அளவையும் கையால் பூட்டிவிட வேண்டும். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு படத்திலும் வானம் வேறு நிறமாக வந்து, ஒட்டும்போது பட்டை பட்டையாகத் தெரியும். மொபைலில் எடுப்பவர்கள் விரலால் இழுத்துப் பெரிதாக்காமல், போனிலேயே இருக்கும் 2 அல்லது 3 மடங்கு லென்ஸைப் பயன்படுத்தினால் போதும்.

அந்தி நேரத்தில் லென்ஸ் திறப்பை எஃப் 8 (எண் குறைந்தால் திறப்பு பெரிதாகும்), ஒளியுணர்வை ஐ.எஸ்.ஓ. 100 என்று வைத்தால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 2 நொடியில் தொடங்கி, இருட்ட இருட்ட 8 நொடி வரை நீளும். கேமராவைத் தாங்கும் முக்காலியான ட்ரைபாட் இல்லாமல் முடியாது. பல இடங்களில் ட்ரைபாடுக்குத்தான் முதல் தடை. அப்போது எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 3200 வைத்தால் 1/125 நொடியில் தொடங்கி 1/30 நொடி வரை கையிலேயே சமாளிக்கலாம், கொஞ்சம் மணல் மணலாக வரும். ட்ரைபாட் வைக்க விட்டால் நடுக்கம்பியை ஏற்றாதீர்கள். கேமரா பையை ட்ரைபாடின் கொக்கியில் மாட்டினால் பையின் அடி தரையைத் தொட்டிருக்கட்டும். அந்தரத்தில் தொங்கினால் காற்றில் ஊசலாடி அதுவே ட்ரைபாடை ஆட்டும். லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பை அணைத்துவிட்டு, 2 நொடி டைமரில் எடுக்க வேண்டும்.

எல்லாம் சரியாகச் செய்தும் படம் மசங்கலாக வந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள். நின்ற இடத்தைப் பாருங்கள். லிஃப்ட் மோட்டார் அறைக்குப் பக்கத்தில் லிஃப்ட் ஓடும்போதெல்லாம் தளம் அதிரும். உள்ளங்கையைக் கைப்பிடிச் சுவரில் வைத்துப் பார்த்தாலே தெரியும். லிஃப்ட் நிற்கும்வரை காத்திருந்து எடுக்கலாம். ஏ.சி. அவுட்டோர் யூனிட் ஊதும் சூடான காற்றுக்குக் குறுக்கே டெலி லென்ஸை நீட்டினால் தூரத்துக் கட்டடங்கள் கொதிக்கும் நீருக்குள் கிடப்பது போல் நெளியும். எந்த ஃபோகஸாலும் அதைத் திருத்த முடியாது. பத்தடி தள்ளிப் போவதுதான் மருந்து. வெயிலில் காய்ந்த தளமும் இதையே செய்யும் என்பதால், பகல் 12 முதல் 3 வரை டெலி லென்ஸுக்கு வேலை இல்லை. இன்னொன்று, ஏ.சி. அறையில் உட்கார்ந்துவிட்டு நேராக மாடிக்குப் போனால் லென்ஸ் முழுவதும் வியர்த்துவிடும். துடைக்கத் துடைக்க மறுபடி படியும். சூடேற அரை மணி நேரம் ஆகலாம், அதற்குள் அந்தி முடிந்துவிடும். கீழேயே கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடி வைத்து, மாடிக்குப் போய்ச் சூடான பின் திறக்க வேண்டும்.

புதிய கட்டடங்களில் மொட்டை மாடிக்கு விடாமல், மேல்தளத்துக் கண்ணாடி ஜன்னல் வரை விடுவார்கள். கண்ணாடி வழியாக எடுப்பது தனி வித்தை. அறை விளக்குகளை அணைக்கச் சொல்லுங்கள். அணைக்க முடியாத 'வெளியே' பலகையின் பச்சை விளக்குதான் வானத்தின் நடுவே வந்து உட்காரும். ஒரு மீட்டர் சதுரக் கறுப்புத் துணியின் நடுவில் லென்ஸ் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, நான்கு மூலையையும் கண்ணாடியில் டேப்பால் ஒட்டினால் பிரதிபலிப்பு போயே போய்விடும். துணி இல்லையென்றால் லென்ஸ் முனையில் மாட்டும் ரப்பர் ஹுட்டைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடிக்கலாம். வெள்ளைச் சட்டை போட்டு வராதீர்கள். பளபளப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியில் அது மயில் கழுத்து நிறத்தில் திட்டுத்திட்டாகக் காட்டிவிடும். எஃப் 4 போல அகலத் திறந்து எடுத்தால் கண்ணாடி மேலுள்ள அழுக்கு கரைந்துவிடும். எஃப் 11-க்குப் போனால் போன வருடப் புறா எச்சம் வரை தெரியும்.

கட்டட நிர்வாகிகளுக்கு உள்ள பயம் நியாயமானது, அதைப் பேசிவிடுவோம். எல்.ஐ.சி.யின் 177 அடி உயரத்திலிருந்து ஒரு கனமான பொருள் தவறி விழுந்தால், காற்றின் தடையைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மூன்றே கால் நொடியில் மணிக்குச் சுமார் 117 கி.மீ. வேகத்தில் சாலையில் இறங்கும். ஆகவே கைப்பிடிச் சுவருக்கு மேல் எதையும் வைக்கக் கூடாது, லென்ஸ் மூடியைக்கூட. கேமரா வார் கழுத்தில் அல்லது மணிக்கட்டில். லென்ஸ் மாற்றுவதென்றால் சுவரிலிருந்து நான்கு அடி உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து மாற்ற வேண்டும். போனுக்கும் கயிறு. ஒரு தடவைக்கு நான்கு பேர், ஆளுக்கு இருபது நிமிடம், அந்திக் கால் மணிக்கு மட்டும் தனிக் குலுக்கல். இடி முழங்கினால் உடனே கீழே. ஆகஸ்ட் மாலைகளில் மேற்கே கறுத்தால் பேச்சுக்கே இடமில்லை. செல்போன் ஆன்டெனாவின் முகத்துக்கு நேரே நிற்க விடக் கூடாது. மொட்டை மாடியில் தேன்கூடு இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துவிட வேண்டும்.

அனுமதிக் கடிதம் இரண்டு வாரம் முன்பே கட்டடத்தைக் கவனிக்கும் எஸ்டேட் பிரிவுக்குப் போக வேண்டும். வருபவர்களின் பெயர், அடையாள அட்டை நகல், கேமரா, லென்ஸ் ஒவ்வொன்றின் வரிசை எண், வரும் நேரம், போகும் நேரம், மழை பெய்தால் மாற்று நாள், விற்பனைக்கு அல்ல என்ற உறுதி, ஒரு பொருள் விழுந்தாலும் நாங்களே பொறுப்பு என்ற கையெழுத்து, இவ்வளவும் ஒரே பக்கத்தில். வரிசை எண் கொடுத்திருந்தால் வெளியே வரும்போது கேட் பாஸ் தகராறு இருக்காது. அனுமதி வந்ததும் பகலில் ஒரு முறை வெறுங்கையோடு போய்ப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

எதைப் படம் எடுக்கக் கூடாது என்பதையும் நிர்வாகமே எழுதி ஒட்டிவிடட்டும். கோட்டை, துறைமுகம், கடற்படை இடங்கள் பக்கம் டெலி லென்ஸ் திருப்பக் கூடாது என்றால் அந்தச் சுவருக்கு ஒரு கயிறு கட்டிவிடலாம். அரசு ரகசியங்கள் சட்டம் 1923-லிருந்தே இருக்கிறது, அதோடு விளையாட யாரும் மேலே வரவில்லை. பக்கத்துக் குடியிருப்புகளின் ஜன்னல்களுக்கும் இதே கட்டுப்பாடு வேண்டும். சொல்லப்போனால் எங்கள் கணக்கில் கோட்டையைவிட இது முக்கியம்.

உயர் நீதிமன்றக் கோபுரத்தை நாங்கள் கேட்கவில்லை. 1894 முதல் 1977 வரை கப்பல்களுக்கு வெளிச்சம் காட்டிய உச்சி அது. ஏற ஆசைதான். ஆனால் அங்குள்ள பாதுகாப்பைத் தளர்த்தச் சொல்வது முறையல்ல. ட்ரோன் இருக்கும்போது மாடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விமான நிலையத்தையும் ராணுவ இடங்களையும் சுற்றி 2021 ட்ரோன் விதிகளின் கட்டுப்பாடு இருக்கிறது. அது போகட்டும், ட்ரோன் ஒரே புள்ளியில் மறுபடி நிற்காது. மாடி நிற்கும்.

அதனால் ஒரு சின்ன வேலை மட்டும் கூடுதலாகக் கேட்கிறோம். ஒவ்வொரு மாடியிலும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, தரையில் ஒரு ரூபாய்க் காசளவு மஞ்சள் பெயின்ட் பொட்டு வையுங்கள். ட்ரைபாடின் நடுக்கம்பி அந்தப் பொட்டுக்கு நேர் மேலே, லென்ஸ் தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், 50 மி.மீ., நேர் கிழக்கே. ஆண்டுதோறும் அதே நாள், அதே நேரம், ஒரே ஒரு படம். வேறு யார் என்ன எடுத்தாலும் அந்த ஒரு படத்தின் நகல் கட்டட அலுவலகத்திலேயே இருக்கட்டும். எந்த ஆண்டு எந்த மரம் போனது, எந்தக் கூரை ஐந்து மாடியானது, கடல் தெரிந்த இடைவெளி எப்போது அடைபட்டது என்று கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டலாம். பெயின்ட் டப்பாவும் பிரஷும் நாங்களே கொண்டுவருகிறோம். மாடிக் கதவின் சாவி மட்டும் 7.15 வரை மேலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
நகரக் காட்சிகளைப் படம் எடுக்கும் வாசகர்கள் சிலர்,
திருவல்லிக்கேணி, சென்னை.