அந்தப் புத்தகத்த வாசிகசாலையில வைச்சது நான்தான்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கட பேப்பர்ல வாசகர் கடிதத்தில ஒரு அம்மா எழுதியிருந்தவா, புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வாசிகசாலையில சின்னப்பிள்ளையளின்ர புத்தகத்தோட பேய்ப் படப் புத்தகம் கிடக்குது, உடுப்பில்லாத பொம்பிளை, ரத்தம், தலை வேற முண்டம் வேற, உதெல்லாம் ஆர் கொண்டந்து வைச்சது, எடுத்து எரிக்கோணும் எண்டு. ஐயா, கொண்டந்து வைச்சது நான்தான்.

முதல் என்ர பிழையச் சொல்லிப்போடுறன். அக்கான்ர மகன் கனடாவில இருந்து வரேக்க மூண்டு புத்தகம் கொண்டந்தவன், மொன்ஸ்ட்ரஸ் எண்டு பேர், இங்கிலீசு, முழுக்கப் படம். நான் அட்டையப் பாத்தன், வடிவான பெட்டை ஒண்டு நிக்குது, படம் எண்டாப் பிள்ளையளுக்குத்தானே எண்டு உள்ளுக்குத் திறந்தும் பாக்காமல் கீழ்த்தட்டில அம்புலிமாமாக்குப் பக்கத்தில வைச்சிட்டன். அஞ்சாம் ஆண்டுப் பெடியன் ஒருத்தன் எடுத்திருக்கிறான். தொடக்கத்திலயே அந்தப் பெட்டை கழுத்தில பட்டியோட, உடம்பில ஒண்டுமில்லாமல், ஏலத்தில நிக்கிறாள். பெடியன் தாயிட்டக் கொண்டுபோய்க் காட்டி "அம்மா இவவுக்கு ஏன் ஒரு கை இல்லை" எண்டு கேட்டவனாம். உடுப்பப் பற்றிக் கேக்கேல்லை, கையப் பற்றித்தான் கேட்டவன், அது வேற கதை. அந்த அம்மாவின்ர கோவம் நியாயம், நான் நேர போய் மன்னிப்புக் கேட்டிட்டன், புத்தகம் இப்ப அலுமாரிக்குள்ள பூட்டுப் போட்டு இருக்கு, வளந்த ஆக்கள் கேட்டாத்தான் குடுக்கிறது. அது வளந்த ஆக்களுக்கெண்டே போட்ட புத்தகம்தான்.

ஆனா எரிக்கோணும் எண்ட சொல்லு இருக்கே, 1981ல யாழ்ப்பாண நூலகத்த எரிச்ச பிறகு அந்தச் சொல்ல நாங்கள் வாயில எடுக்கலாமோ ஐயா. அமெரிக்காவிலயும் இப்பிடித்தான், 1940கள் கடைசில கொமிக்ஸ் புத்தகங்கள பள்ளிக்கூடப் பிள்ளையளக் கொண்டே குவிச்சு எரிச்சவங்கள், பேந்து 1954ல வேர்த்தம் எண்ட மனநோய் டொக்டர் கொமிக்ஸ்தான் பிள்ளையளக் கெடுக்குது எண்டு ஒரு புத்தகம் எழுத, பதிப்பாளர்மார் பயந்துபோய்த் தாங்களாவே ஒரு சட்டம் போட்டவங்கள், ரத்தம் குடிக்கிற பேய் வரக்கூடாது, ஓநாய் மனுசன் வரக்கூடாது, தலைப்பில பயங்கரம் எண்ட சொல்லே இருக்கக்கூடாது எண்டு. அந்தச் சட்டத்தக் கடைசியாப் பிடிச்சுக்கொண்டிருந்த கொம்பனியளும் விட்டது 2011லதான். படப் புத்தகம் எண்டாப் பிள்ளையளுக்கு எண்ட நினைப்பு எனக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரே மாதிரி இருந்திருக்கு, அவ்வளவுதான்.

சரி, வளந்த ஆக்கள் என்ன சொன்னவை எண்டு எழுதத்தான் இந்தக் கடிதம், உங்கட பேப்பர்ல ஒரு பக்கம்தானே வந்தது. கதைய என்ர மருமகள் இங்கிலீசில வாசிச்சுத் தமிழில சொல்லுவாள், பின்னேரத்தில நாலஞ்சு பேர் சுத்தி இருந்து படத்தப் பாக்கிறது. ஒரு பெரிய யுத்தம் முடிஞ்ச பிறகு நடக்கிற கதை. மைக்கா எண்ட பெட்டை, தாயும் இல்லை, இடக்கையும் இல்லை, உள்ளுக்க ஒரு பேய் குடியிருக்குது, அதுக்குப் பசிச்சா ஆக்களத் தின்னும், அவளால மறிக்கேலாது. அவளின்ர சனத்தப் பிடிச்சு அறுத்து எலும்பில மருந்து எடுக்கிற மந்திரக்காரப் பொம்பிளையள் மற்றப் பக்கம். மார்ஜரி லியு எழுதினது, சனா டகேடா எண்ட ஜப்பான்காரி கீறினது, 2015ல தொடங்கி, 2017, 2018, 2019 மூண்டு வருசமும் ஹியூகோ எண்ட, விஞ்ஞான, மாயக் கதையளுக்குக் குடுக்கிற பெரிய விருது எடுத்தது. லியுவின்ர தாத்தா பாட்டி சீனாவில யுத்தத்துக்குள்ள தப்பின ஆக்கள், அந்தக் கதையளக் கேட்டு வளந்தனான் எண்டு அவா சொல்லியிருக்கிறா. அதச் சொன்னோண்ண எல்லாரும் கொஞ்சம் நிமிந்து இருந்தவை.

ஓட்டோ ஓடுற தம்பிக்கு ஆர் எந்தப் பக்கம் எண்டே பிடிபடேல்லை, பேரெல்லாம் வாய்க்குள்ள நுழையேல்லையாம், ஆனா ரெண்டு வாலோட கதைக்கிற பூனை வந்தா மட்டும் என்னக் கூப்பிடுங்கோ எண்டான். ஒரு அக்கா பாதியில எழும்பி, "எனக்கு வேண்டாம், நான் பாத்திட்டன்" எண்டிட்டுப் போனவா. என்னத்தப் பாத்தவா எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

பென்சன் எடுத்த தமிழ் வாத்தியார் ஒராள், இதென்ன புதினம் எண்டு சிரிச்சுக்கொண்டு கலிங்கத்துப்பரணியத் தொடங்கிட்டார். செத்த யானையின்ர கொம்பால பல்லு விளக்கி, விலா எலும்பால நாக்கு வழிச்சு, போர்க்களத்திலயே உலை வைச்சுக் காளிக்குக் கூழ் காய்ச்சிற பேயள், குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் கூப்பிட்டு வாக்கிறது, ஜெயங்கொண்டார் எழுதி எண்ணூறு தொள்ளாயிரம் வருசம், அத எரிக்கச் சொல்லி ஆரும் கடிதம் போட்டவையோ எண்டு கேட்டார். பிறகு கூழ், கஞ்சி எண்டு ஏதோ சொல்ல வந்தவர் சொல்லேல்லை. யுத்தத்தின்ர கடைசில சனம் குடிச்சு உயிர் தப்பின கஞ்சிய நினைச்சு, மே மாசம் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி ரெண்டு கிழமைதான் அப்ப.

தையல் மெசின் வைச்சிருக்கிற அக்கா ஒராளைப் பற்றிக் கட்டாயம் சொல்லோணும். அவவுக்கும் இடக்கை முழங்கைக்குக் கீழ இல்லை, 2009 கடைசிச் சண்டையில மாத்தளனில போனது. துணிய அந்த மொட்டைக் கையால அமத்திப் பிடிச்சு மற்றக் கையால தள்ளித் தைப்பா, பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை எல்லாம் அவாதான். மைக்கான்ர அறுந்த கையுக்கால பேய் கிளம்பி வாற படம் வந்தோண்ண, மருமகள் பக்கத்தத் திருப்பப் போக, "பொறு பிள்ளை" எண்டு சொல்லி, கண்ணாடியக் கழட்டி, முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் அவ்வளவு நேரம் பாத்தவா. பேந்து சொன்னா, "இவளுக்கு இதுக்கால பேய் வருது. எனக்கு இரவில இல்லாத சின்ன விரல் கடிக்கும். எங்க சொறியிறது?" எல்லாரும் சிரிச்சம், அவாவும் சிரிச்சவா. பதினைஞ்சு வருசத்துக்கு மேல பக்கத்து வளவில இருக்கிறன், உத அவா எனக்குச் சொன்னதில்லை.

எங்கட கதையே படமா இருக்குத்தானே, அத வாங்கி வைக்கலாமே எண்டு ஒருத்தர் கேட்டவர். உண்மைதான், வன்னி எண்ட பேர்லயே 2019ல வந்தது, 2008 செப்டம்பரில ஐ.நா. கிளிநொச்சிய விட்டு வெளிக்கிடும் மட்டும் இஞ்ச வேலை செய்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்சி பொலொக் கீறினது. வாங்கத்தான் வேணும். ஆனா அதுக்குள்ள இருக்கிறது எங்கட பங்கர், எங்கட தறப்பாள், எங்கட ட்ரக்டர். இதுக்குள்ள இருக்கிறது ஆரோ ஒரு பேய், ஏதோ ஒரு ஊர், அதால பாக்கவும் கதைக்கவும் முடிஞ்சுது எண்டு நினைக்கிறன்.

எனக்குப் பிடிக்காதது ஒண்டு இருக்கு. படம் கூடின வடிவு. வெட்டுப்பட்டுக் கிடக்கிறவன்ர சட்டைக்கும் சரிகை, ரத்தத்துக்குப் பக்கத்திலயும் பொன் நிறம். எனக்குத் தெரிஞ்ச யுத்தத்தில சேறும் இலையானும்தான். வாத்தியார் பரணியும் வடிவான பாட்டுத்தானே எண்டு மறிச்சவர், நான் இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை.

கடைசியா ஒரு உதவி ஐயா. ரெண்டாவது புத்தகம் மூண்டு கிழமையாக் காணேல்லை, பதிவுக் கொப்பியில பேரும் இல்லை. எடுத்தவை ஆரெண்டாலும், எரிக்கச் சொன்ன அம்மா எண்டாலும் பரவாயில்லை, வாசிச்சு முடிச்சிட்டு இரவில வந்து படலைக்குள்ளால போட்டுவிடுங்கோ. கதை நடுவில நிக்குது, தையல்கார அக்கா ஒவ்வொரு நாளும் கேக்கிறா.

இப்படிக்கு,
வாசிகசாலைத் திறப்பு வைச்சிருக்கிறவள்,
புதுக்குடியிருப்பு.