உறைபனிக் காலத்தில் மாடுகளுக்கு வைக்கோல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் தலைக்குந்தா, காந்தல் புல்வெளிகள் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் படங்கள் நாளிதழ்களில் வருகின்றன. அந்தப் புல்தான் உதகைப் பகுதியில் எங்கள் மாடுகளின் தீவனம். உறைபனி விழுந்த சில நாட்களில் அது கருகிவிடுகிறது.

குளிரால்தான் மாடு மெலிகிறது என்பது பாதி உண்மையே. உடல் நனையாமல், வயிறு நிறைந்து நிற்கும் வளர்ந்த மாடு பூஜ்ஜியம் டிகிரிக் குளிரையும் தாங்கும். பெருவயிற்றில் (இரைப்பையின் முதல், பெரிய அறை) நுண்ணுயிர்கள் நார்த்தீவனத்தை நொதிக்கவைக்கும்போது எழும் வெப்பமே அதற்குக் கணப்பு. மாலையில் போட்ட வைக்கோல் இரவு நெடுநேரம் அந்தச் சூட்டைத் தந்துகொண்டிருக்கும். ஆனால் சாரலில் மயிர் நனைந்துவிட்டால், சுமார் 15 டிகிரியிலேயே மாடு உடற்சூட்டைக் காக்கத் தீனியைக் கூடுதலாகச் செலவழிக்கத் தொடங்குகிறது. அதற்குக் கீழே வெப்பம் குறையக் குறைய அச்செலவும் ஏறிக்கொண்டே போகிறது. அந்தத் தீனி கிடைக்காவிட்டால் முதலில் பால் வற்றும், பிறகு உடம்பு கரையும். தேவை கூடுகிற அதே வாரங்களில் புல் கருகிப்போவதுதான் எங்கள் துயரம். இதை ஈடுகட்ட தானியம், பிண்ணாக்கு போன்ற அடர்தீவனத்தைத் திடீரென அள்ளிப் போடுகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் பெருவயிற்றில் அமிலம் கூடி, மாடு உள்ள தீனியையும் தொடாமல் நின்றுவிடும்.

கன்றுகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. பிறந்த கன்றுக்குப் பெருவயிறு வேலை செய்வதில்லை. உடலில் இருப்பதும் சிறிதளவு கொழுப்பே. சென்ற தை மாதம் விடியற்காலையில் எங்கள் ஜெர்சிக் கலப்பினப் பசு ஈன்ற கன்றின் வாய்க்குள் விரலை விட்டபோது நாக்கு சில்லென்றிருந்தது. கோணிச்சாக்கால் துடைத்து, அடுப்பருகே கிடத்தி, வெதுவெதுப்பான சீம்பாலைப் புகட்டிய பிறகுதான் விரலைச் சப்பத் தொடங்கியது. குளிர்நாட்களில் கன்றுக்கு வழக்கத்தைவிட ஒரு வேளைப் பால் கூடுதலாகத் தரவேண்டும். விற்கும் பால் குறைகிறதே என்று அதைக் கழிப்பது கன்றின் உயிரோடு விளையாடுவதாகும்.

மலையில் நெல் விளைவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து லாரியில் வரும் வைக்கோலுக்கு வாடகையும் ஏற்றுக்கூலியும் சேர்ந்துவிடுவதால், இரண்டு மூன்று மாடு வைத்திருப்பவரால் மொத்தமாக வாங்கிச் சேர்க்க முடிவதில்லை. எனவே மாவட்ட நிர்வாகமும் பால் கூட்டுறவுச் சங்கங்களும் அக்டோபருக்குள் வைக்கோலைக் கொள்முதல் செய்து, மழையில் நனையாத கிடங்குகளில் இருப்பு வைத்து, பால் பணத்தில் தவணையாகப் பிடித்துக்கொள்ளும் முறையில் உறுப்பினர்களுக்கு வழங்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பால்மாடு வளர்ப்பவர்,
உதகமண்டலம்.