ஆன்மிகமும் தன்னம்பிக்கையும் பதிப்பிப்பவர்களுக்கு, தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு மடல்

பதிப்பாளர்களுக்கும் உங்களுக்காக எழுதுகிற ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் வடசென்னையில், தண்டையார்பேட்டையில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் அம்மாக்கள் சீக்கிரம் வந்துவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று வாசல் பக்கம் ஒரு அலமாரியில் புத்தகம் வைத்தோம். கதை, சமையல், உடம்பு பற்றிய புத்தகம் எல்லாம் இருந்தாலும் அவர்கள் கை முதலில் போவது நீங்கள் போடும் புத்தகங்கள் மேல்தான். கோபத்தை எப்படி அடக்குவது, பயம் எப்படிப் போகும், தியானம் என்றால் என்ன, கேட்டால் சாமி கேட்குமா, இதெல்லாம் அவர்களுக்கு நிஜமான கேள்விகள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேட்பது என்று வழக்கமாகிவிட்டது. மீன் விற்கும் அக்கா, வீட்டுவேலைக்குப் போகிறவர்கள், ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் வேலை செய்கிறவர், ஒரு திருநங்கைத் தோழி, புர்கா போட்டுக்கொண்டு வந்து உட்காரும் பாய் வீட்டு அம்மா, ஜெபமாலையைக் கையிலேயே வைத்திருக்கும் ராயபுரத்துப் பாட்டி என்று எல்லாரும் வருகிறார்கள்.

இவர்களோடு உட்கார்ந்து படித்ததில் எனக்குத் தோன்றியதை நேராகவே சொல்லிவிடுகிறேன். அட்டையில் "அனைவருக்கும்" என்று போடுகிறீர்கள், உள்ளே இவர்களில் ஒருவர் கூட இல்லை.

காலை ஐந்து மணிக்கு எழுந்து, தனியறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இருபது நிமிடம் கண்ணை மூடி உட்காரச் சொல்லாத தியானப் புத்தகமே எங்கள் அலமாரியில் இல்லை. மீன் விற்கும் அக்கா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு ஏலத்துக்குப் போகிறவர். ஹவுசிங் போர்டு வீட்டில் இருப்பது ஒரே அறை, அதில் அஞ்சு பேர் படுத்திருக்கிறார்கள், விடிந்தால் தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்க வேண்டும். அந்தப் பக்கத்தைப் படித்தபோது, "எனக்கு ஷேர் ஆட்டோவுலதான் கொஞ்சம் நேரம் கிடைக்குது, அங்க பண்ணலாமா?" என்று கேட்டார். ஏலம் முடிந்து கூடையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஈரப் புடவையோடு, காசிமேட்டிலிருந்து சந்தைக்கு வரும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் நாள் முழுக்க யாரும் அவரை ஒன்றும் கேட்காத நேரம். மூச்சைக் கவனிக்க அது போதாதா? தாராளமாகப் போதும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லையே. அந்த ஆட்டோவிலிருந்து ஆரம்பிக்கிற ஒரு தியானப் புத்தகத்தை நீங்கள் போட்டால் எங்கள் தெருவில் மட்டும் எத்தனை பேர் வாங்குவார்கள் தெரியுமா?

நேரம் இல்லை, இடம் இல்லை என்பதைக் கூடச் சமாளித்துக்கொள்வார்கள். மனசைப் புண்படுத்துகிற பக்கங்கள் வேறு இருக்கின்றன. கையில் பணம் தங்காததற்கு உன் எண்ணத்தில் உள்ள பற்றாக்குறைதான் காரணம் என்கிற மாதிரி எழுதுகிறார்களே, அதைத் தண்டல் கட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தி முன்னால் சத்தமாகப் படிக்க முடியவில்லை. புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாங்கிய கடன் அது, அவளுடைய எண்ணத்தில் எந்தக் கோளாறும் இல்லை. நடக்க முடியாத பிள்ளையை இடுப்பில் தூக்கிவரும் ஒரு அம்மா இருக்கிறார். ஊனம் போன பிறவியின் வினை என்று ஒரு ஆன்மிகப் புத்தகத்தில் வந்த வரியைக் கேட்டுவிட்டு அடுத்த சில வாரம் அவர் வரவே இல்லை. திருநங்கைகளைப் பற்றியும் அதே மாதிரி பாவம், சாபம் என்று அச்சில் வருகிறது. திருநங்கைகளுக்கென்று 2008-லேயே நலவாரியம் அமைத்த மாநிலம் இது. இந்த வரிகளை எழுதியவர் யோசிக்காமல் எழுதியிருக்கலாம், ஆனால் ஒரு புத்தகம் அச்சுக்குப் போகும் முன் உங்கள் அலுவலகத்தில் ஒருவராவது படிக்கிறார் அல்லவா, அவர் அங்கே நிறுத்திக் கேட்க வேண்டும்.

குடும்ப அமைதி பற்றிய புத்தகங்களில் பொறுத்துப் போ, மன்னித்துவிடு என்று இருக்கிறது. மன்னிப்பு பெரிய விஷயம், நான் மறுக்கவில்லை. ஆனால் அடிவாங்குகிற பெண்ணும் அதே பக்கத்தைத்தான் படிக்கிறாள். அந்தப் பக்கத்தின் அடியிலேயே, பெண்களுக்கான உதவி எண் 181 இருக்கிறது, எந்த நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு வரி போடுவதற்கு என்ன செலவு? மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், சாக வேண்டும் போலிருக்கிறது என்கிறவரிடம் நேர்மறையாக நினை என்று மட்டும் சொல்லி விட்டுவிடாதீர்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர்கள் இருக்கிறார்கள், போனில் பேச 14416 இருக்கிறது, மாத்திரை சாப்பிடுவது பக்திக் குறைவு இல்லை, இதையும் எழுதுங்கள். இவையெல்லாம் இருந்தால்தான் அந்தப் புத்தகத்தை நம்பி ஒருவர் கையில் கொடுக்க முடியும்.

இதெல்லாம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய புது யோசனை என்று நினைத்துவிடாதீர்கள், ஏனென்றால் நீங்கள் தேடுவது எங்கள் பேட்டைகளிலேயே கிடக்கிறது. வள்ளலார் வளர்ந்தது ஏழுகிணறு வீராசாமித் தெருவில். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தப் பக்கம் இருந்துவிட்டுத்தான் 1858 வாக்கில் இங்கிருந்து கிளம்பினார். அப்புறம் 1865-ல் சாதி மத பேதம் பார்க்காத சன்மார்க்க சங்கம், 1867-ல் வடலூரில் தருமசாலை, பசியைத் தீர்ப்பதுதான் முதல் ஆன்மிகம் என்று அடுப்பைப் பற்றவைத்தவர். திருவொற்றியூருக்குப் போய்விட்டு நேரம் கழித்து வந்து, வீட்டாரை எழுப்ப மனமில்லாமல் திண்ணையிலேயே பசியோடு படுத்துவிட்டார் என்றும், வடிவுடையம்மன் அண்ணி உருவத்தில் வந்து சோறு போட்டாள் என்றும் ஒரு கதை சொல்வார்கள் இல்லையா, அதைச் சொன்ன அன்று எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் கண் கலங்கியது. பாய் வீட்டு அம்மாவுக்கும்தான். பசியோடு படுத்த பிள்ளைக்கு எழுந்து சோறு போடுவதைப் புரிந்துகொள்ள எந்த மதமும் தேவைப்படவில்லை.

தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே அடங்கிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபு இருக்கிறார். அவர் பாடியதில் அல்லாவைப் பாடும் ரகுமான் கண்ணியும் உண்டு, அம்மன் பெயரில் மனோன்மணிக் கண்ணியும் உண்டு. அவரைப் போற்றி நான்மணிமாலை பாடியவர் திருத்தணிகை சரவணப் பெருமாளையர் என்ற சைவப் புலவர். பெரம்பூர்ப் பக்கம் போனால் பௌத்தம். சாதியை எதிர்த்து எழுதிய அயோத்திதாசர் 1898-ல் தொடங்கிய சாக்கிய பௌத்த இயக்கம் இந்த நகரத்தில் வளர்ந்தது, பேராசிரியர் லட்சுமி நரசு 1907-ல் ஆங்கிலத்தில் எழுதிய பௌத்த நூல் உலகம் சுற்றியது. ராயபுரத்தில் படகுக்காரர்கள் கட்டிய ராயப்பர் கோயில் என்கிற புனித பேதுரு சர்ச், திருவொற்றியூர்க் கடற்கரை ஓரம் பட்டினத்தார் சமாதி. பஸ்ஸில் ஏறினால் ஒரே நாளில் இவ்வளவையும் பார்த்துவிட்டு வந்துவிடலாம். இத்தனை பேரையும் ஒன்றாக வைத்துப் பேசுகிற, பள்ளிக்கூடப் படிப்பை எட்டாவதோடு நிறுத்தியவர் வாசிக்கிற மாதிரி ஒரு புத்தகத்தை எனக்குக் காட்டுங்கள், இன்றைக்கே வாங்குகிறேன். ஆராய்ச்சிப் புத்தகங்கள் இருக்கின்றன, நல்லவைதான், ஆனால் அவை வேறு வாசகருக்கு எழுதப்பட்டவை.

மூலப் பாடல்களைப் படிக்கலாம் என்றால் அது இன்னும் கஷ்டம். மஸ்தான் சாகிபு பாடலாகட்டும், வள்ளலாரின் அருட்பா ஆகட்டும், மலிவுப் பதிப்புகளில் சந்தி பிரிக்காமல் நெருக்கி அடித்திருக்கிறார்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர்கள், எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் படிப்பார்கள். நாலு சொல் ஒட்டிக்கொண்டு ஒரு வரி முழுக்க நீண்டால், விரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அதே வரியை நான் நோட்டில் பெரிய எழுத்தில், சொல் சொல்லாகப் பிரித்து எழுதிக் கொடுத்தால் அவர்களே ராகம் போட்டுப் பாடிவிடுகிறார்கள்! பதம் பிரித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, எதிர்ப்பக்கத்தில் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் நிற்கிற பொருள், பிளாட்பாரத்தில் வாங்கிய கண்ணாடி போட்டாலும் தெரிகிற எழுத்து, நூறு ரூபாய்க்கு மிகாத விலை. கூடவே ஒரு ஒலிப்பதிவும் இருந்தால் பார்வை இல்லாதவர்களும், தையல் மெஷினில் இருக்கிறவர்களும் கேட்பார்கள். முடிந்தால் பிரெயிலிலும் கொடுங்கள்.

யார் எழுதுவது என்று கேட்பீர்கள். இதுவரை எழுதாதவர்களிடம் போய்க் கேளுங்கள். கடன் தீர்க்கும் வரை மனசு உடையாமல் இருந்தது எப்படி என்று சொல்ல எங்கள் தெருவில் ஆள் இருக்கிறது. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டும் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை விடாத ஒருத்தியின் பக்தி எப்படிப்பட்டது என்று அவளே சொல்லட்டும். உட்கார்ந்து கேட்டு, அவர்கள் சொன்ன மாதிரியே எழுதி, அவர்கள் சம்மதம் வாங்கி, அவர்களுக்கு உரிய ராயல்டியும் கொடுத்துப் போடுங்கள். ஆளுமை வளர்ச்சி பற்றிப் பேச, கோட் போட்டு மேடையில் நிற்பவருக்கு இருக்கிற அதே தகுதி இவர்களுக்கும் இருக்கிறது.

அடுத்த புத்தகக் காட்சிக்குத் திட்டம் போடும்போது இதில் ஒன்றையாவது எடுத்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். எங்களால் செய்ய முடிந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது, அந்த 61 நாளும் காசிமேட்டில் ஏலம் குறைந்துவிடும். மீன்காரப் பெண்கள் நிறைய பேர் அப்போதுதான் சாயங்காலத்தில் வந்து நிம்மதியாக உட்கார முடிகிறது. கைப்பிரதி ஏதாவது தயாராக இருந்தால் அந்தச் சமயத்தில் அனுப்புங்கள். சத்தமாகப் படித்துப் பார்த்து, எங்கே தடுக்கிறது, எந்த வரி யாரைக் குத்துகிறது என்று பென்சிலில் குறித்துத் திருப்பித் தருகிறோம். அவர்களுக்கு அது வருமானம் இல்லாத காலமும் கூட, அதனால் மெய்ப்புத் திருத்துகிறவருக்கு என்ன கொடுப்பீர்களோ அதை அவர்களுக்கும் கொடுங்கள்.