கோட்டாறு வணிகக் கட்டடத்துக்கு இரண்டாவது மாடிப்படி கேட்டு மனு

பெறுநர்: மாவட்ட அலுவலர், தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள், நாகர்கோவில்

ஐயா,

கோட்டாறு கம்போளம் சந்தைப் பக்கம் வண்டி திரும்பப் படும் பாடு தாங்கள் அறியாததல்ல, சவேரியார் கோயில் திருவிழா நாட்களில் சொல்லவே வேண்டாம். அங்கே ஒரு சந்துக்குள் இருக்கும் வணிகக் கட்டடம் பற்றியது இந்த மனு. கீழே துணிக்கடை, அதற்கு மேல் குடோன், உச்சியில் டியூஷன் சென்டர். சாயங்காலம் எங்கள் பிள்ளைகள் அங்கேதான். வேறு அலுவலகங்களில் முன்பே மனு கொடுத்தோம், ஒப்புகைச் சீட்டு வந்தது, ஆள் வரவில்லை.

1. மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே மாடிப்படி. மீட்டர் போர்டு, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் அந்தப் படிக்குக் கீழேதான், ஒட்டியே அட்டைப்பெட்டியும் துணிக்கட்டும் ஆளுயரத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். அங்கே ஷார்ட் சர்க்யூட் ஆனால் புகை அந்தப் படி வழியாகத்தான் மேலே ஏறும், பிள்ளைகள் இறங்க வேண்டியதும் அதே படி. மொட்டைமாடிக் கதவில் பூட்டு, சாவி உரிமையாளர் வீட்டில். ஜன்னலெல்லாம் இரும்புக் கம்பி. தீ நெருங்கும் முன்பே புகை ஆளைச் சாய்த்துவிடும் என்பது எங்களைவிடத் தங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். பிள்ளைகள் எந்த வழியாக வெளியே வருவார்கள், சொல்லுங்கள் ஐயா.

2. தீயணைக்கத் தண்ணீர் கொண்டுபோகும் சிவப்புக் குழாய் எல்லா மாடிக்கும் போகிறது, ஆனால் தண்ணீரை மேலே ஏற்றக் கீழே பம்ப் இல்லை. குழாய்க்குச் சிவப்புப் பெயின்ட் அடித்தால் மட்டும் தீ அணைந்துவிடுமா?

3. குடோனுக்கு ஸ்பிரிங்க்ளர், அதாவது தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானே தண்ணீர் தெளிக்கும் கருவி, வேண்டும். கட்டடத்துக்காரர்கள் சரக்கெல்லாம் நனைந்துவிடும் என்கிறார்கள், அது சரியல்ல. சாதாரணமாகப் போடுகிற ஸ்பிரிங்க்ளரில் கண்ணாடிக் குமிழ் 68 டிகிரி சூட்டில் உடையும், சூடேறிய இடத்தில் மட்டும்தான் தண்ணீர் கொட்டும்.

4. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள் வெளியே வர வழியில்லாமல் கருகிப் போனார்கள். அதற்கு அப்புறமும் ஒற்றைப் படி வைத்த கட்டடத்தின் உச்சியில் பிள்ளைகளை உட்கார வைக்க யார் அனுமதி கொடுத்தது? தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று கேட்டால் எல்லாம் இருக்கிறது என்கிறார்கள், காட்டச் சொன்னால் முகத்தைத் திருப்புகிறார்கள். எங்கள் பிள்ளைகளை நிறுத்திவிடலாம், அடுத்து வந்து சேருகிற பிள்ளைகள்? அவர்களுக்கு யார் மனு எழுதுவது?

கட்டடத்துக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது, வெளிப்புறமாக ஒரு இரும்புப் படி தாராளமாக வைக்கலாம். தயவுசெய்து தாங்களே ஒருமுறை இப்போதிருக்கும் ஒற்றைப் படியில் ஏறிப் பாருங்கள். இரண்டாவது படி வரும்வரை மேலே வகுப்பு நடத்த விடாதீர்கள். மறுபடியும் கேட்கிறோம் ஐயா, அந்த இரண்டாவது படி வேண்டும், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இப்படிக்கு,
பெற்றோர்கள், கோட்டாறு