பந்து கையை விட்டுப் போகுமுன்னே எங்கள் போனுக்கு வரட்டும்

மொபைல் கிரிக்கெட் ஆட்டம் செய்து ஆன்லைனில் ஆடவிடும் நிறுவனத்தாருக்கு,

கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்து ஆட்டக்காரர்கள் எழுதுவது.

ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த இரண்டு மாதமும் வலை பின்னும் கொட்டகையில் உங்கள் ஆட்டம்தான் ஓடும். கூடவே ஒரே புலம்பலும்: "அமுக்கிட்டேன்டா, அப்புறம்தான் போல்டு காட்டுது!"

சொல்கிறவன் பொய் சொல்லவில்லை. கிரீஸுக்குக் கிரீஸ் 17.7 மீட்டர். 140 கி.மீ. வேகம் குறையாமல் வரும் பந்துக்கு அது 455 மில்லிசெகண்ட் தூரம், 80 கி.மீ. சுழலுக்கு 800. செகண்டுக்கு 60 பிரேம் (திரையில் மாறும் படம்) ஓடும் ஆட்டத்தில் 'பெர்ஃபெக்ட்' டைமிங்குக்கு ஐந்து பிரேம் கொடுத்தால் மொத்தம் 83 மில்லிசெகண்ட்தான். சாயங்காலம் டவரில் கூட்டம் ஏறினால் பிங், அதாவது போனிலிருந்து உங்கள் சர்வருக்கு (ஆட்டத்தை நடத்தும் நடுக் கணினிக்கு) தகவல் போய்வரும் நேரம், 60 மில்லிசெகண்டிலிருந்து 200-க்குத் தாவுகிறது. 150-லேயே நிலையாக நின்றால்கூடக் கை பழகிவிடும். பந்துக்குப் பந்து மாறினால் எதைப் பழகுவது? ஆன்லைனில் எவனும் ஸ்பின்னரைக் கூப்பிடாததும், ஐந்து ஓவர் மேட்சில் ஐந்தும் யார்க்கராக விழுவதும் இதனால்தான்.

நாங்கள் வேகமான நெட் கேட்கவில்லை. கிரிக்கெட் பந்துக்குப் பந்து நின்று ஆடும் ஆட்டம். பவுலர் ஓடிவருவதற்கே சில செகண்ட் ஆகிறது. அந்த நேரத்தை வீணடிப்பது, பவுலர் தன் பந்தைத் தீர்மானிக்கத் திரையில் தட்டும் மீட்டரில் வரும் கடைசித் தட்டல். பந்து கையை விடும் கணத்தில் அதை வைத்திருக்கிறீர்கள். பவுலர் தாவும் இடத்துக்கு, 400 மில்லிசெகண்ட் முன்னால், அதை நகர்த்துங்கள். அதற்குள் வேகம், பிட்ச் ஆகும் இடம், ஸ்விங் அளவு மூன்றும் பேட்ஸ்மேன் போனுக்குப் போய்விடும். பந்தை அந்தப் போனே ஓட்டட்டும். பந்து கையை விட்டு எத்தனையாவது மில்லிசெகண்டில் தட்டினான் என்பதையும் அதுவே குறித்து அனுப்பட்டும். சர்வருக்குச் செய்தி வந்த நேரத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பவுலர் திரையில் எல்லாம் சற்றுப் பிந்தித் தெரியும். வீசி முடித்தவனுக்கு அதில் நஷ்டமில்லை.

400-க்குள் தகவல் போய்ச் சேராவிட்டால் பவுலர் பாதியில் நின்று திரும்பி நடக்கட்டும். சைட்ஸ்கிரீன் (பவுலருக்குப் பின்னால் இருக்கும் பெரிய திரை) முன்னால் ஆள் போனால் நிஜ மைதானத்திலும் அதுதானே நடக்கிறது!

பொய் நேரம் அனுப்புவான் என்பீர்கள். கடைசி இருபது பந்தின் பிங்கைச் சர்வர் வைத்திருக்கட்டும். தட்டிய நேரமும் செய்தி வந்த நேரமும் அதோடு ஒட்டாமல் திரும்பத் திரும்ப விலகினால் பிடித்துவிடலாம்.

நண்பர்கள் அறை தனித் தலைவலி. கீழக்கரைத் தம்பியும் துபாய் அண்ணனும் ஆடினால், அறை திறந்தவன் போனே சர்வராகிறது. அவனுக்குத் தாமதமே இல்லை, மற்றவனுக்கு முழுத் தாமதம். பல நேரம் சேரவே முடிவதில்லை. மொபைல் கம்பெனிகள் ஏராளமான வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபி முகவரிக்கு (நெட்டில் அடையாளம் காட்டும் எண்ணுக்கு) பின்னால் வைப்பதால், போனுக்குப் போன் நேரடி வழி எளிதில் கிடைப்பதில்லை. நடுவில் மும்பையில் ஒரு சர்வர் போட்டு, ஆட்டத்தையும் அதுவே நடத்தினால் இரண்டும் தீரும்.

கரண்ட் போனால் வைஃபை அணைந்து போன் டேட்டாவுக்கு மாறும். ஐபி முகவரி மாறிவிட்டதென்று நீங்கள் 'வெளியேறினார்' போட்டுத் தோல்வி எழுதிவிடுகிறீர்கள். ஆளை முகவரியால் அடையாளம் காணாமல், மேட்ச் தொடங்கும்போது தரும் டோக்கனால் (ரகசிய அடையாளக் குறியால்) காணுங்கள். ஸ்கோர், விக்கெட், பந்து எண், ஸ்ட்ரைக்கர், பவுலர் இவ்வளவுதான் சேமிக்க வேண்டியது; நூறு பைட்டில் அடங்கும். 90 செகண்ட் காத்திருங்கள். தோற்கப் போகிறபோதெல்லாம் ஏரோப்ளேன் மோடு போடுகிறவனை அவன் பழைய கணக்கே காட்டிக்கொடுக்கும்.

தனுஷ்கோடிப் பக்கம் போனில் இலங்கை நெட்வொர்க் எட்டிப்பார்க்கும். தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான், நடுவில் கடலும் மணல்திட்டுகளும்தான். நெட்வொர்க் பெயரைப் பார்த்து ஆளை வேறு நாட்டு சர்வருக்குத் தூக்கிப்போடாதீர்கள். கணக்கில் உள்ள நாடே போதும்.

இன்னொன்று: ஒரு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, பக்கத்துப் போன் அதில் சேர்ந்து, நெட்டே இல்லாமல் ஆட ஒரு பொத்தான். கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவரின் பந்து மும்பை போய்வர வேண்டியதில்லை.

எல்லாம் ஒரே அப்டேட்டில் முடியாது, தெரியும். மீட்டர் மாற்றத்தை மட்டும் ஏப்ரல் 15-க்கு முன்னால் விட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ராமநாதபுரம் கடற்கரை ஆட்டக்காரர்கள்