வாடகை விளம்பரத்தில் வராத மீதிக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் வரி விளம்பரங்களில் வாடகை வீடு பகுதி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. "இரண்டு படுக்கையறை, நல்ல காற்றோட்டம், ரயில் நிலையம் மிக அருகில்", அதன்பின் ஒரு தொகை. செலவு கூடிய பெருநகரத்தில் கட்டுப்படியாகும் அடுக்குமாடி வீட்டைத் தேடி அலைபவர் அந்தத் தொகையை நம்பித்தான் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பார்க்கிறார். அங்கே போன பிறகுதான் பராமரிப்புக் கட்டணம் தனி, தரகு தனி, அட்வான்ஸ் இத்தனை மாதம் என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. வீடு தேடுபவர்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில், அந்த மீதிக் கணக்கை எப்படிப் போடுவது என்பதையும், விளம்பரத்தில் எவை கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பதையும் எழுதுகிறோம்.

முதலில் எவ்வளவு வாடகை தாங்கும் என்ற கேள்வி. வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வாடகை போகக் கூடாது என்பது பலரும் சொல்லும் கணக்கு. இதன் மூலத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்காவில் 1969-ல் செனட்டர் எட்வர்ட் புரூக் கொண்டுவந்த சட்டத்திருத்தம், அரசுக் குடியிருப்புகளில் இருப்பவர்களின் வாடகைக்கு வருமானத்தில் 25 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்தது. 1981-ல் அது 30 சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்கான மானிய வீட்டுக்கு வைத்த வரம்பு அது. அந்த 30-க்குள் மின்சாரம், தண்ணீர் போன்றவற்றுக்கான செலவும் அடக்கம். நாமோ வெறும் வாடகைக்கே 30 என்று எடுத்துக்கொள்கிறோம். பிறகு மாதக் கடைசியில் கை கடிக்கிறது.

கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். கைக்கு வரும் சம்பளத்திலிருந்து கடன் தவணை, சாப்பாடு, பிள்ளைகளின் படிப்பு, மருந்து, ஊருக்கு அனுப்பும் பணம், கொஞ்சம் சேமிப்பு எல்லாவற்றையும் முதலில் கழியுங்கள். மிஞ்சுவதுதான் வீட்டுக்கும் போக்குவரத்துக்கும் சேர்த்து உங்களிடம் இருக்கும் பணம். இந்த இரண்டையும் பிரிக்கவே கூடாது. தள்ளியிருக்கும் வீட்டில் வாடகை குறைவு என்று போய், வேலைக்குப் போகும் இருவரின் பயணச் செலவிலும் அந்த மிச்சத்தைத் தொலைத்த குடும்பங்கள் ஏராளம். நேரமும் செலவுதான். போகவர அரை அரை மணி நேரம் கூடினால், மாதம் 22 வேலை நாளில் 22 மணி நேரம் போய்விடுகிறது.

அடுத்து, ஒரே தடவை கொடுக்கும் பணம். தரகு ஒரு மாத வாடகை, சாமான் ஏற்றி இறக்க அரை மாத வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஒரே வருடத்தில் காலி செய்தால், இந்த ஒன்றரை மாதத் தொகை உங்கள் வாடகையை 12.5 சதவீதம் கூட்டிவிடுகிறது. மூன்று வருடம் இருந்தால் 4 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆகவே, கொஞ்சம் வாடகை குறைவு என்பதற்காக வருடா வருடம் வீடு மாற்றுவது பெரும்பாலும் நஷ்டக் கணக்கு. அட்வான்ஸ் திரும்பி வரும் பணம்தான் என்றாலும், அதைக் கடன் வாங்கிக் கொடுப்பவர் வட்டியையும் மாத வாடகையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

இப்போது பரப்பளவு. ஏமாற்றம் மிகுதியாக நடப்பது இதில்தான். விளம்பரத்தில் 1,000 சதுர அடி என்று போட்டிருக்கும். படிக்கட்டு, நடைபாதை, லிப்ட், சுவரின் கனம் ஆகியவற்றில் உங்கள் பங்கும் சேர்ந்த கணக்கு அது. வீட்டுக்குள் காலடி வைத்துப் புழங்கும் இடம், அதாவது கார்பெட் ஏரியா, 700 சதுர அடியாக இருக்கலாம். அப்படியானால் ஒரு சதுர அடிக்கு நீங்கள் நினைத்ததைவிட ஏறக்குறைய 43 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அளவு நாடாவைக் கையில் கொண்டுபோங்கள். ஒவ்வொரு அறையின் நீளத்தையும் அகலத்தையும் சுவரிலிருந்து சுவர் வரை அளந்து பெருக்கிக் கூட்டுங்கள். பத்து நிமிட வேலை. இரண்டு வீடுகளை ஒப்பிட வேண்டுமானால் இந்த உள்ளளவை வைத்து மட்டுமே ஒப்பிடுங்கள். போகிற போக்கில் வாசற்கதவின் அகலத்தையும் மாடிப்படி திரும்பும் இடத்தையும் அளந்துவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டியும் கட்டிலும் அங்கேதான் சிக்கும்.

"நிலையம் அருகில்" என்ற சொல்லுக்கும் ஓர் அளவு வேண்டும். ஜப்பானில் வீட்டு விளம்பரங்களில் நடை தூரத்தை நிமிடத்துக்கு 80 மீட்டர் என்று கணக்கிட்டுத்தான் போட வேண்டும். மிச்சம் வந்தால் அடுத்த முழு நிமிடமாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் என்றால் 800 மீட்டருக்கு மேல் இருக்க முடியாது. சிக்னலில் நிற்கும் நேரமும் மேட்டில் ஏறும் நேரமும் இதில் சேராது என்பது உண்மைதான். ஆனாலும் "அருகில்" என்பதைவிட இது எவ்வளவோ மேல். அந்த அளவு நம்மிடம் இல்லாதவரை, வேலைக்குக் கிளம்பும் அதே நேரத்தில் வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல் வரை ஒரு நாள் போய்ப் பார்ப்பதுதான் வழி. ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்த்துவிட்டு இருபது நிமிடம் என்று முடிவுகட்ட வேண்டாம்.

தேடும் வட்டத்தை வரைபடத்தில் கிலோமீட்டரால் வரையாமல் பயண நேரத்தால் வரையுங்கள். நேராக ஒரே ரயிலில் போகும் தொலைவான பேட்டை, இரண்டு பேருந்து மாறும் பக்கத்துப் பேட்டையைவிடச் சீக்கிரம் கொண்டு சேர்க்கும். வாடகை குறைவது பெரும்பாலும் பேர்பெற்ற நிறுத்தத்துக்கு அடுத்த ஒன்றிரண்டு நிறுத்தங்களில், பிரதான சாலைக்குப் பின்னால் உள்ள தெருக்களில், லிப்ட் இல்லாத பழைய கட்டடங்களின் மூன்றாம் மாடியில். லிப்ட், புதுப் பளபளப்பு, ஜன்னல் காட்சி, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றை விட்டுக்கொடுத்து வாடகையைக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் மூட்டில் வலியுள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் லிப்டை விட்டுக்கொடுக்காதீர்கள். ஈரச்சுவர், வெளிச்சமே வராத அறை, தண்ணீர்ப் பற்றாக்குறை, தீப்பிடித்தால் வெளியேற வழியில்லாத கட்டடம் இவற்றை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்க வேண்டாம்.

ஒன்றிரண்டு வீடு மட்டும் வைத்திருக்கும் உரிமையாளர்கள் பலர் விளம்பரமே கொடுப்பதில்லை. தொலைபேசித் தொல்லைக்குப் பயந்து தெரிந்தவர் மூலமே ஆள் பார்ப்பார்கள். எந்த வீடு அடுத்த மாதம் காலியாகிறது என்பது கட்டடக் காவலாளிக்கும், துப்புரவு செய்பவருக்கும், அங்கே ஏற்கெனவே குடியிருப்பவருக்கும் முன்பே தெரிந்துவிடும். பிடித்த நான்கைந்து தெருக்களைத் தேர்ந்தெடுத்து மாதத்தின் முதல் வாரத்தில் நடந்தே விசாரியுங்கள். காலி செய்வதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் அப்போதுதான் சொல்வார்கள். கல்லூரிகள் சூழ்ந்த பகுதியில் கல்வியாண்டு தொடங்கும் சமயத்தில் மட்டும் தேடாதீர்கள்.

வாடகையைப் பேசிக் குறைக்க ஒரு கணக்கு கைகொடுக்கும். வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் உரிமையாளருக்கு வருட வருமானத்தில் 12-ல் ஒரு பங்கு, அதாவது 8.33 சதவீதம் நஷ்டம். மூன்று, நான்கு வாரமாகக் காலியாக இருக்கும் வீட்டுக்கு, "இந்த வாரமே குடிவருகிறோம், ஒரு வருடத்துக்குக் காலி செய்ய மாட்டோம், 5 சதவீதம் குறையுங்கள்" என்று கேட்டால், இன்னொரு மாதம் பூட்டி வைப்பதைவிட அவருக்கு அது லாபம்தான். கெஞ்ச வேண்டிய தேவையே இல்லை. இந்தக் கணக்கைப் பொறுமையாகச் சொன்னால் போதும். நேற்றுக் காலியாகி இன்று பத்துப் பேர் வரிசையில் நிற்கும் வீட்டில் இது பலிக்காது. அங்கே உதவுவது தயார் நிலைதான்: அடையாள அட்டை நகல், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலைச் சான்று, முந்தைய வீட்டு உரிமையாளர் கொடுத்த கடிதம் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். அடையாள அட்டை நகலின் குறுக்கே "இந்த வீட்டு வாடகைக்காக மட்டும்" என்று முகவரியும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அந்த நகல் வேறு காரியத்துக்குப் போவதைத் தடுக்க அது ஓரளவு உதவும்.

வீட்டைப் பகலில் ஒரு முறையும் இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு முறையும் பாருங்கள். ஒரு 10 லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து நேரம் பாருங்கள். ஒரு நிமிடத்தில் நிறைந்தால் நல்ல வேகம். மூன்று நிமிடம் ஆனால் காலை நேரத்தில் திண்டாட்டம்தான். சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் ஒன்றாகத் திறந்து மறுபடியும் பாருங்கள். அந்த வாளித் தண்ணீரைக் குளியலறைத் தரையில் கொட்டினால் வடிகால் எப்படி என்பது தெரிந்துவிடும். சுவரில் ஓரிடத்தில் மட்டும் புதுச் சாயம் அடித்திருந்தால், அதன் அடியில் ஈரக்கசிவு இருக்க வாய்ப்பு உண்டு. அலமாரியின் பின்புறத்தையும் ஜன்னலின் கீழ் மூலையையும் கையால் தொட்டுப் பாருங்கள். மேல் மாடியில் கூரைக் கசிவும் வெயில் சூடும், தரைத்தளத்தில் ஓதமும் சாக்கடை வாடையும் தனியாகக் கவனிக்க வேண்டியவை.

மின்சார மீட்டரை யாரும் பார்ப்பதில்லை. உங்கள் வீட்டுக்கென்று தனி மீட்டர் உண்டா, யூனிட்டுக்கு என்ன கட்டணம் என்று கேளுங்கள். பிறகு வீட்டிலுள்ள எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு மீட்டரைப் போய்ப் பாருங்கள். அப்போதும் ஓடினால் பொதுவிளக்கோ, மோட்டாரோ, பக்கத்து வீடோ உங்கள் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கலாம். மாதாமாதம் இழப்பதற்கு முன்னால் கேட்கக் கிடைக்கும் ஒரே நேரம் அதுதான்.

மோசடியைப் பற்றி இரண்டு வார்த்தை. அந்தப் பகுதி வாடகையைவிட வெகுவாகக் குறைந்த தொகை, வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லும் உரிமையாளர், பணம் அனுப்பினால் சாவியைத் தபாலில் அனுப்புவதாக வாக்குறுதி: இந்த மூன்றும் சேர்ந்தால் விலகிவிடுங்கள். வீட்டை உள்ளே போய்ப் பார்க்கும்முன் "டோக்கன்" பணம்கூடக் கொடுக்கக் கூடாது. சொத்து வரி ரசீது, அடையாள அட்டை, வங்கிக் கணக்கு மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தானே வாடகைக்கு இருப்பவர் உரிமையாளர்போல நடித்து, ஒரே வீட்டுக்குப் பலரிடம் அட்வான்ஸ் வாங்குவது இந்த ஒப்பீட்டில்தான் பிடிபடும்.

சேர்ந்து குடியிருந்தால் ஆளுக்கு வாடகை குறையும். சமையலறையின், குளியலறையின் செலவு பலருக்கும் பங்காகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் ஒருவர் பெயர் மட்டும் இருந்தால், மற்றவர் கொடுக்காத பாக்கியும் அவர் தலையில் விழும். மற்றவர்களுக்கோ வீட்டில் இருக்கும் உரிமையே காகிதத்தில் இராது. எல்லோர் பெயரையும் சேர்த்து, நடுவில் ஒருவர் விலகினால் அவர் பங்கை யார் எப்போது நிரப்புவது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் வருடாந்தர உயர்வைக் கவனியுங்கள். வருடம் 10 சதவீதம் என்றால் மூன்றாம் வருடத்தில் வாடகை 21 சதவீதம் கூடியிருக்கும். அட்வான்ஸைத் திருப்பித் தர எத்தனை நாள், சாயம் அடிக்கும் செலவு யாருடையது, குழாயும் மின்கம்பியும் பழுதானால் யார் பார்ப்பது, எத்தனை நாள் முன்னறிவிப்பு ஆகிய நான்கும் எழுத்தில் இல்லையென்றால், காலி செய்யும் நாளில் சண்டை உறுதி. புழங்கியதால் வரும் தேய்மானம் எது, சேதம் எது என்று பிரித்து எழுதாததும் அதற்கு ஒரு காரணம். குடிபுகும் அன்றே ஒவ்வொரு அறையையும் காணொளி எடுத்து, மீட்டர் எண்களையும் சாவிகளின் எண்ணிக்கையையும் தாளில் குறித்து இருவரும் கையெழுத்திடுங்கள்.

இந்தக் கட்டணங்களை வெளிப்படையாக்குவதும் கட்டுப்படுத்துவதும் முடியாத காரியம் இல்லை. ஜெர்மனியில் வீட்டு விளம்பரங்கள் "குளிர் வாடகை", "சூட்டு வாடகை" என்று இரண்டு தொகைகளைப் பிரித்துச் சொல்வது வழக்கம். முதலாவது வெறும் வாடகை. இரண்டாவது சூடேற்றும் செலவும் பராமரிப்பும் சேர்ந்தது. அங்கே அட்வான்ஸ் மூன்று மாதக் குளிர் வாடகையைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. 2015 முதல், தரகரை அமர்த்தியவரே தரகு கொடுக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இங்கிலாந்தில் 2019-ல் வந்த சட்டம் வாடகைதாரரிடம் பெரும்பாலான கட்டணங்கள் வாங்குவதையே தடைசெய்து, பெரும்பாலான வீடுகளுக்கு அட்வான்ஸை ஐந்து வார வாடகைக்குள் நிறுத்தியது.

சட்டம் வரும்வரை நாளிதழ் காத்திருக்கத் தேவையில்லை. வாடகை விளம்பரப் படிவத்தில் ஐந்து கட்டங்களைச் சேர்த்து, அவை நிரப்பப்பட்ட விளம்பரங்களை மட்டும் ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறோம்: கார்பெட் ஏரியா, பராமரிப்பும் பிற நிலையான கட்டணங்களும் சேர்ந்த மொத்த மாதத் தொகை, அட்வான்ஸ் எத்தனை மாதம் என்பதும் எத்தனை நாளில் திரும்பும் என்பதும், தரகு உண்டா என்பதும் அதைக் கொடுப்பவர் யார் என்பதும், நிலையத்துக்கோ பேருந்து நிறுத்தத்துக்கோ எத்தனை மீட்டர். வரி விளம்பரத்தில் இதற்குக் கூடுதலாக இரண்டு வரிதான் தேவைப்படும். அந்த இரண்டு வரிக்கு மட்டும் கட்டணம் வாங்காமல் இருந்தால், உரிமையாளர்களும் தயங்காமல் எழுதிக் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்கள்